அளவுச் சூதும் அளவில்லாச் சூதும் — லாபம் யாருக்கு?

"போக்கர்" என்னும் சீட்டாட்டத்தைப் பற்றி நம் இளைஞர்களுக்குள் ஒரு விவகாரம் கிளம்பியிருக்கின்றது. அதாவது, பந்தயத்துக்கு அளவு கட்டி ஆடும் "லிமிட்" ஆட்டத்தில் லாபம் அதிகமா, அல்லது கையிலுள்ளதை முழுவதும் ஒரே தடவையில் வைத்துவிடக் கூடிய "நோ-லிமிட்" ஆட்டத்தில் லாபம் அதிகமா என்பதாகும். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றிக் கால் வீங்குகின்றவர்களிலும், வழியிலுள்ள எட்டு லிங்கங்களில் எந்த லிங்கத்தைக் கும்பிட்டால் பலன் அதிகம் என்று வாதாடுகின்றவர்கள் உண்டு. இரண்டும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். பலன் உண்டா என்று கேட்க வேண்டியவன், பலன் உண்டென்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, எதில் அதிகம் என்று மட்டும் கேட்கின்றான். ஏமாற்றுகின்றவனுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

சீட்டாடுவது பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. பாவ புண்ணியக் கணக்கு நம்மிடத்தில் இல்லை. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நம்முடைய தொழிலுமல்ல. நம்மிடத்தில் இருப்பதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கூட்டல் கழித்தல் கணக்கு ஒன்றேயாகும். அந்தக் கணக்கை வைத்தே இந்தக் கேள்விக்கு விடை சொல்லுகின்றோம்.

ஆட்டம் இன்னதென்று தெரியாத கிராமத்துத் தோழர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகின்றோம். ஒவ்வொருவனுக்கும் மறைவாக இரண்டு சீட்டு கொடுக்கப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கப்படும். இடையில் நான்கு சுற்றுப் பந்தயம். கடைசியில் நல்ல ஐந்து சீட்டைச் சேர்த்தவனாவது, அல்லது பெரிய பந்தயம் வைத்து மற்றவர்களைப் பயந்து விலகும்படி செய்தவனாவது நடுவிலுள்ள பணத்தை எடுத்துக் கொள்ளுவான். லிமிட் ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றுக்கு 10 ரூபாய், பின் இரண்டு சுற்றுக்கு 20 ரூபாய் என்பதுபோலப் பந்தயம் கட்டப்பட்டிருக்கும். ஒரு சுற்றில் இத்தனை தடவைதான் ஏற்றலாம் என்றும் விதியிருக்கும். நோ-லிமிட் ஆட்டத்தில் அந்த வேலியே கிடையாது. எந்த நேரத்திலும் முன்னாலுள்ள பணம் அத்தனையையும் நடுவில் தள்ளிவிடலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவனுக்கு ஐந்து இஸ்பேட் சேர்வதற்கு இன்னும் ஒரு இஸ்பேட் வேண்டும். வரவேண்டியது கடைசிச் சீட்டு ஒன்றே. அவன் கண்ணுக்குத் தெரிந்த சீட்டு 6. தெரியாத சீட்டு 46. அந்த 46-இல் இஸ்பேட் 9. ஆகவே 46 தடவை இந்த நிலைமை வந்தால் 9 தடவை அவனுக்குச் சீட்டு சேரும், 37 தடவை சேராது. இஸ்பேட் சேர்ந்தால் அவனே ஜெயிப்பான் என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் 120 ரூபாய் கிடக்கின்றது. லிமிட் ஆட்டமானால் எதிராளி 20 ரூபாய்தான் வைக்க முடியும். இவன் 20 ரூபாய் கட்டி 140 ரூபாய்க்கு ஆசைப்படுகின்றான். 9 தடவை ஜெயித்தால் 1,260 ரூபாய் வரும். 37 தடவை தோற்றால் 740 ரூபாய் போகும். கட்டியது சரியேயாகும். நோ-லிமிட் ஆட்டமானால் எதிராளி அதே இடத்தில் 120 ரூபாயையும் தள்ளுவான். இவன் 120 ரூபாய் கட்டி 240 ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டும். 9 தடவையில் வருவது 2,160. 37 தடவையில் போவது 4,440. அதாவது "வந்தாலும் வரும்" என்று நினைத்துக் கட்டுகின்ற ஒவ்வொரு தடவையும் சராசரி 50 ரூபாய் நஷ்டம். ஆசை அதே ஆசை. சீட்டும் அதே சீட்டு. வேலி இருந்தபோது பிழைத்தவன் வேலி எடுத்தவுடன் கொல்லப்படுகின்றான்.

ஆகவே கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: கணக்குத் தெரிந்த நாலுபேருக்கு நோ-லிமிட் ஆட்டத்தில் லாபம் அதிகம். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வந்தது? மேசையில் நெல் விளைகின்றதா? தறி ஓடுகின்றதா? ஒரு முழத் துணியாவது ஒரு படி மணிலாக் கொட்டையாவது அங்கே உண்டாகின்றதா? ஒன்றுமில்லை. கணக்குத் தெரியாதவன் பையிலிருந்து எடுத்ததுதான் கணக்குத் தெரிந்தவனுடைய லாபமாகும். நோ-லிமிட்டில் லாபம் அதிகம் என்பதற்கு அர்த்தம், அதில் தெரியாதவனுக்கு நஷ்டம் அதிகம் என்பதைத் தவிர வேறில்லை.

"அப்படியானால் நாங்கள் லிமிட்டிலேயே ஜாக்கிரதையாக ஆடிப் பிழைக்கின்றோம்" என்று சொல்லும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அவர்கள் பிழைப்பையும் பார்ப்போம். லிமிட் ஆட்டத்தையே தொழிலாக வைத்துக்கொண்டிருந்த மேல்நாட்டு ஆட்டக்காரர்கள், மணிக்கு ஒரு பெரிய பந்தயம் மிஞ்சினால் நல்ல சம்பாத்தியம் என்று கணக்கிட்டு வந்தார்கள். நாம் சொன்ன ஆட்டத்தில் அது 20 ரூபாய். எட்டு மணி நேரம் கண் விழித்தால் 160 ரூபாய். களை எடுக்கப் போகின்ற அம்மாளின் ஒரு நாள் கூலிக்கும் இது குறைவு. அந்த அம்மாளாவது வேலைக்குப் போகும்போது முதல் கொண்டுபோக வேண்டியதில்லை. இவர்களோ தோல்வி தொடர்ந்து வரும் நாட்களைத் தாங்குவதற்குப் பெரிய பந்தயத்தைப்போல் 300 மடங்கு, அதாவது 6,000 ரூபாய், கையிலே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய விதியேயாகும். அதுவும் ஜெயிக்கத் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்களுக்கு விதியும் இல்லை, மீதியும் இல்லை.

நிற்க. இதுவரை சொன்னது ஆடுகின்றவர்களுடைய கணக்கு. ஆட்டம் நடத்துகின்றவனுடைய கணக்கு ஒன்று இருக்கின்றது. அதைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. பேச்சுக்காக ஆறு பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் கொண்டு வந்து உட்காருகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000. ஓர் ஆட்டத்தில் நடுவில் சேருவது சராசரி 400 ரூபாய். நடத்துகின்றவன் அதில் நூற்றுக்கு 5 எடுத்தால் 20 ரூபாய். மணிக்கு 30 ஆட்டம் என்றால் 600 ரூபாய். இராத்திரி 10 மணி முதல் 3 மணி வரையில் ஆடினால் 3,000 ரூபாய். பத்து இராத்திரி ஆடினால் 30,000 ரூபாய்! அதாவது ஆறு பேரும் முதலில் கொண்டுவந்த பணம் அவ்வளவுக்கும் சமமான தொகை பத்தே இராத்திரியில் அவன் பெட்டிக்குப் போய்விட்டது. அவன் ஒரு காசு பந்தயம் வைத்தானா? ஒரு தடவையாவது தோற்றானா? லிமிட் என்றாலும் அவனுக்குப் பங்கு. நோ-லிமிட் என்றாலும் அவனுக்குப் பங்கு. பந்தயம் சிறிதானால் அவன் பங்கும் சிறிதுதான் என்பீர்கள். ஆனால் அங்கே ஆடுகின்றவனுடைய லாபம் அதனினும் சிறிது. கைபேசியில் இயந்திரம் சீட்டுப் போடும்போது ஆட்டங்கள் இதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். பெட்டியும் அந்த வேகத்தில் நிரம்பும்.

வெகு காலம் சூதாட்ட விடுதிக்காரர்கள் லிமிட் ஆட்டத்தையே விரும்பி நடத்தினார்கள். ஜனங்கள் மேல் இரக்கத்தினாலா? இல்லை. நோ-லிமிட்டில் புதியவன் ஒரே இரவில் காலியாகி எழுந்து போய்விடுவான். லிமிட்டில் கொஞ்சங் கொஞ்சமாகத் தோற்று மறுநாளும் வருவான். கறக்கின்ற மாட்டை யாராவது முதல் நாளே வெட்டுவார்களா? இந்த நிலைமை 2003-ம் வருஷத்தில் மாறியது. அந்த வருஷம் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் நடந்த உலகப் பந்தயத்தில், கிறிஸ் மணிமேக்கர் என்ற ஒரு கணக்கர், இன்டர்நெட்டில் சில பத்து டாலர் கட்டி நுழைவுச் சீட்டு சம்பாதித்து வந்து, நோ-லிமிட் ஆட்டத்தில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உலகமெல்லாம் அவர் படத்தைப் போட்டார்கள். அன்று ஆடியவர்கள் 839 பேர். பரிசு வாங்கியவர்கள் 63 பேர். வெறுங்கையோடு திரும்பிய 776 பேருடைய படத்தை எந்தப் பத்திரிகை போட்டது? மலை ஏறிப் பிள்ளை வரம் பெற்றவளின் கதையை ஊரெல்லாம் சொல்லுவார்கள். ஏறியும் பெறாத ஆயிரம் பேரின் கதையை யாரும் சொல்லமாட்டார்கள். மூடநம்பிக்கை வளருவது முழுவதும் இந்தக் கணக்குப் புரட்டினால்தான்.

"சூது என்று சொல்லாதீர்கள், இது திறமை ஆட்டம்" என்று கம்பெனிக்காரர்களும் அவர்களுடைய வக்கீல்களும் சொல்லி வந்தார்கள். 1930-ம் வருஷத்துச் சென்னைச் சூதாட்டச் சட்டத்திலேயே திறமை ஆட்டத்துக்கு விலக்கு இருக்கின்றது. 1968-இல் சுப்ரீம் கோர்ட்டு ரம்மியில் திறமையே பிரதானம் என்றது. 1996-இல் குதிரைப் பந்தயத்தையும் திறமை என்றது. சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். பூட்டை உடைப்பதற்கும் திறமை வேண்டும். கள்ள நோட்டு அடிப்பதற்குத் திறமையோடு கலையும் வேண்டும். திறமை இருப்பதனாலேயே ஒரு காரியம் யோக்கியமாய் விடுமா? உள்ளபடி பார்த்தால் திறமை ஆட்டம் என்று அவர்கள் நிரூபிக்க நிரூபிக்க நம்முடைய கட்சிதான் பலப்படுகின்றது. முழுவதும் அதிர்ஷ்டமாயிருந்தால் ஏமாளிக்கும் ஜெயிக்கச் சமபாதி இடமிருக்கும். திறமை என்று ஆகிவிட்டால் தெரியாதவன் தோற்றே தீரவேண்டும் என்று ஏற்படுகின்றதல்லவா?

அந்தத் திறமைதான் இப்போது யாரிடத்தில் இருக்கின்றது? இருவர் ஆடும் லிமிட் ஆட்டத்தை, எவரும் வெல்ல முடியாத அளவுக்குக் கம்ப்யூட்டர் கணக்குத் தீர்த்துவிட்டதாகக் கனடாவிலுள்ள ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் 2015-இல் வெளியிட்டார்கள். நோ-லிமிட் ஆட்டத்தில் 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் சர்வகலாசாலையார் செய்த "லிப்ராட்டஸ்" என்னும் யந்திரம், கைதேர்ந்த நான்கு பேரை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019-இல் ஆறு பேர் ஆடும் மேசையிலும் யந்திரமே ஜெயித்தது. கைபேசித் திரைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மனிதனா யந்திரமா என்று நம் சேத்துப்பட்டு, போளூர், செங்கம் பக்கத்து இளைஞனுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கற்ற திறமையை வைத்துக்கொண்டு அதனோடு சண்டைக்குப் போவது வீரமாகுமா?

சர்க்காருடைய யோக்கியதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த சட்டத்தைச் சென்னை ஐகோர்ட்டு 2021 ஆகஸ்டு 3-ந் தேதி தள்ளிவிட்டது. பிறகு நீதிபதி சந்துரு கமிட்டி விசாரித்து 2022-இல் அறிக்கை கொடுத்தது. சட்டசபை 2022 அக்டோபரில் நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடியும் நிறைவேற்றி, ஏப்ரலில்தான் அது சட்டமாயிற்று. அதே வருஷம் நவம்பரில் ஐகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. இதற்கிடையே டில்லி சர்க்கார், ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு 30 என்றும், 2023 அக்டோபர் முதல் கட்டுகின்ற பணத்தின் பேரில் நூற்றுக்கு 28 என்றும் வரி வாங்கினார்கள். கடைசியாக 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து இன்டர்நெட்டில் ஆடுவதே கூடாதென்று சட்டம் செய்து, 22-ந் தேதி ராஷ்டிரபதி சம்மதமும் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் குதிரைப் பந்தயத்தின் மேல் கைவைத்தார்களா? கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களை என்ன செய்தார்கள்? நம் அண்டையில் கேரள சர்க்காரே லாட்டரி விற்கவில்லையா? நம் தமிழ்நாட்டு சர்க்காரும் 1968-இல் லாட்டரி ஆரம்பித்து 2003-இல்தானே நிறுத்தினார்கள்? சட்டம் நல்லது, அதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் ஆசையும் மூடத்தனமும் உள்ள இடத்தில் சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் கள்ளக் கதவு இரண்டு திறக்கும்.

அந்த மூடத்தனத்தை ஊட்டி வளர்ப்பவர்கள் யார்? 52 சீட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுப்பதற்கு 1,326 வகையுண்டு. அதில் இரண்டும் ஆஸாக வருவது 6 வகை. அதாவது 221 தடவைக்கு ஒரு தடவை. இராகு காலத்தில் ஆடினாலும் 221. அமிர்த யோகத்தில் ஆடினாலும் 221. விரலில் புஷ்பராகம் போட்டாலும், கையில் கறுப்புக் கயிறு கட்டினாலும், நெற்றியில் அரைப் பலம் விபூதி அப்பினாலும் 221-தான். சீட்டுக்கு ஜாதகம் தெரியாது. ஆனால் நம்மவன் சோசியனிடம் நாள் கேட்கின்றான், கல் வாங்குகின்றான், ஜெயித்தால் இவ்வளவு என்று வேண்டிக்கொள்ளுகின்றான். ஜெயித்தால் சாமி கொடுத்தது, தோற்றால் தலையெழுத்து. இந்தப் பாடத்தைச் சிறு வயதிலிருந்து படித்தவனைச் சூதாட்டக்காரன் புதிதாக ஏமாற்ற வேண்டியதே இல்லை. கோவிலில் சிறப்பு தரிசன டிக்கெட்டு லிமிட் ஆட்டம். உண்டியல் நோ-லிமிட் ஆட்டம். அங்கே பழகிய கைதானே இங்கே வருகின்றது?

புராண இதிகாசங்களுடைய யோக்கியதையைத்தான் பாருங்கள்! சிவனும் பார்வதியும் சூதாடுகின்ற சிற்பம் எல்லோராக் குகையிலே இருக்கின்றது. கடவுளே ஆடினால் பக்தன் ஏன் ஆடமாட்டான்? பாரதத்தில் தருமன் ஆடியது நோ-லிமிட் ஆட்டமல்லாமல் வேறென்ன? பொருளை வைத்தான், நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியாக மனைவியை வைத்தான். எதிரே சகுனி, அவனும் திறமைசாலிதான்! பெரியவர்கள் என்பவர்கள் சபையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குப் பெயரோ தருமபுத்திரன்! மனைவியைக் கேளாமலே அவளைச் சொத்தைப்போல் பணயம் வைக்கலாம் என்று படித்த சமுதாயத்தில், மனைவியின் தாலியையும் மகளின் படிப்புப் பணத்தையும் அவர்களைக் கேளாமல் வைப்பதற்கு எவன் கூசுவான்? திருவள்ளுவர் சூதுக்கென்று 94-வது அதிகாரத்தையே ஒதுக்கி, தோல்வியை மாத்திரமல்லாமல் வெற்றியையும் சேர்த்துக் கண்டித்தார். நம்மவர்கள் அவருக்குச் சிலை வைத்துவிட்டுத் தருமனுக்குக் கோவில் கட்டித் தீ மிதிக்கின்றார்கள்.

திருவண்ணாமலைத் தல புராணத்திலேயே ஒரு பொய்ச்சாட்சி உண்டு. அடியும் முடியும் காணாத நெருப்புத் தூணின் முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொன்னானாம். தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னதாம். அதனால் அந்தப் பூ பூஜைக்கு ஆகாதென்று சாபமாம். கதை பொய்யாயிருந்தாலும் பொய்ச்சாட்சிக்குத் தண்டனை வேண்டும் என்ற மட்டிலாவது அதில் ஒரு நீதி உண்டு. இந்தச் சூதாட்டக் கம்பெனிகளுக்கு, "ஆடுங்கள், ஜெயியுங்கள்" என்று சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் எத்தனை வருஷம் சாட்சி சொன்னார்கள்! முடியைக் காணாமலே கண்டதாகச் சொன்ன இந்தத் தாழம்பூக்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது? அவர்கள் கட்-அவுட்டுக்குப் பாலல்லவா ஊற்றினோம்!

இனித் தோற்றுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சூதில் பணம் போனவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகளைச் சட்டசபையில் படித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. "மானம் போயிற்று, இனி எந்த முகத்தோடு வாழ்வது" என்பதே அவர்களுடைய முடிவாயிருந்தது. தோழர்களே, மானம் என்பது பணப் பையிலா இருக்கின்றது? ஏமாற்றப்பட்டவன் சாகவேண்டும், ஏமாற்றியவன் கார் வாங்க வேண்டும் என்பது எந்த நியாயம்? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி, பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு ஒருவரும் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. ஆடுவதற்காகப் பிறரிடம் வாங்கிய கைமாற்றும் கடன் செயலியில் வாங்கிய கடனும் வேறு. ஆனால் அவையும் தவணை கேட்டு அடைக்கக் கூடிய கடன்களே தவிர, உயிரைக் கொடுத்து அடைக்க வேண்டிய கடன்கள் அல்ல. ஆகையால் நஷ்டத்தை ஒளிக்காமல் மனைவியிடத்திலும் தகப்பனிடத்திலும் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் 14416 என்ற சர்க்கார் எண்ணுக்காவது இலவசமாகப் பேசுங்கள். போன பணத்தைப் பிடிப்பதற்காக மேற்கொண்டு வைக்காதீர்கள்; போனது போயிற்று. வீட்டிலுள்ளவர்களும், சொல்ல வந்தவனைக் காறித் துப்பாமல் கணக்கு நோட்டை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அதுவே அவனைக் காப்பாற்றும். சனீசுவரனுக்கு எள் விளக்கு ஏற்றுவது காப்பாற்றாது.

ஆகவே லிமிட்டா நோ-லிமிட்டா என்ற கேள்விக்கு நமது முடிவான விடை என்னவென்றால், லிமிட் என்பது மெல்ல அறுக்கும் கத்தி, நோ-லிமிட் என்பது ஒரே வெட்டாக வெட்டும் கத்தி. இரண்டுக்கும் பிடி ஆட்டம் நடத்துகின்றவன் கையிலேயே இருக்கின்றது என்பதாகும். எந்தக் கத்தி நல்லது என்று ஆடு விசாரிக்க வேண்டியதில்லை. நம் இளைஞர் மன்றங்களும் படிப்பகங்களும் கிராமந்தோறும் ஒரு கரும்பலகையை வைத்து, மேலே சொன்ன இஸ்பேட் கணக்கையும் பத்து இராத்திரிக் கணக்கையும் போட்டுக் காட்டட்டும். உபதேசம் வேண்டாம், கணக்கே போதும். கணக்குப் போடத் தெரிந்த கை சீட்டுக்கும் நீளாது, உண்டியலுக்கும் நீளாது.